குளுவாங் பக்கத்திலிருந்து தியோமான்: முதல்முறை போகிறவர்களுக்கு

தியோமான் தீவுப் பயணத்தில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு நாள்காட்டியில்தான் நடக்கிறது. தீபாவளியை ஒட்டி எல்லாருக்கும் லீவு கிடைக்கும், பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள், அப்போதே போய்விடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தென்சீனக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலம். அலை உயரும், ஃபெரிகள் குறையும், சில நாள்களில் ஓடவே ஓடாது. தீவில் பல ஷாலேக்கள், அதாவது சிறு விடுதிக் குடில்கள், கதவைச் சாத்திவிடும். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையும் இதே காலத்தில்தான் விழுகிறது. ஆகவே தீபாவளித் திட்டத்தை மறந்துவிட்டு, நடுவாண்டு விடுமுறையையோ ஒரு நீண்ட வார இறுதியையோ பிடியுங்கள். தீவு மார்ச்சில் திறக்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடல் நம்பத்தக்கது.

இன்னும் இரண்டு தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீவில் இருப்பவை மலாய்க் கம்போங்குகள். ரமலான் மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் பல மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடை, படகு, ஃபோர்வீல் வண்டி எல்லாம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நின்றுவிடும். வெள்ளி மதியம் போய் இறங்கி, படகு கிடைக்கவில்லை என்று ஜெட்டியில் (படகுத் துறையில்) வெயிலில் நிற்பதைவிட, இதை முன்பே கணக்கில் வைத்துக்கொள்வது எளிது.

தீவின் அமைப்பு

ஃபெரி ஜொகூரில் உள்ள மெர்சிங்கிலிருந்து கிளம்பினாலும் தியோமான் பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. வடக்கு தெற்காகச் சுமார் 20 கிலோமீட்டர் நீளம். நடுவில் முழுக்கக் காடும் மலையும். மிக உயர்ந்த சிகரமான குனோங் காஜாங் 1,038 மீட்டர். இந்த மலை முதுகுதான் பயணத்தின் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கம்போங்குகள் கரையோரத்தில் துண்டு துண்டாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் போக முடியாது. தீவைக் குறுக்கே கடக்கும் சாலை ஒன்றே ஒன்று, மேற்குக் கரைத் தெக்கேக்கிலிருந்து கிழக்குக் கரை ஜுவாராவுக்கு. மற்ற இடங்களுக்கு நடந்து போக வேண்டும், இல்லையென்றால் படகு. படகுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், ஆனால் குறைந்தது இத்தனை பேர் என்ற கணக்கு இருக்கும். இரண்டு பேர் போனாலும் நாலு பேருக்கான காசைக் கட்ட வேண்டி வரலாம். அதனால் மலிவாக ஓர் இடத்தில் அறை எடுத்துவிட்டு, பார்க்க வேண்டியதெல்லாம் வேறு கம்போங்கில் இருந்தால், மிச்சம் பிடித்த வெள்ளியைப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் வருவீர்கள்.

தங்குமிடத்தை இப்படிப் பாருங்கள். தெக்கேக்தான் தீவின் பட்டணம். அரசாங்க கிளினிக், காவல் நிலையம், கடைகள், பணம் எடுக்கும் இயந்திரம் எல்லாம் அங்கேதான். வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால் இங்கேயே தங்குவது நிம்மதி. ஆயர் பாத்தாங் அதற்கு அடுத்த விரிகுடா. ஏபிசி என்றால் எல்லாருக்கும் தெரியும். வரிசையாகச் சின்னச் சின்ன ஷாலேக்கள், எதிரிலேயே பவளப்பாறை. தெக்கேக்கிலிருந்து கரையோரமாக, ஒரு முனையைப் படியேறிச் சுற்றி, முக்கால் மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். சாலாங் வட முனையில், முக்குளிப்பவர்கள் கூடும் இடம். பாயாவிலும் கெந்திங்கிலும் சாப்பாடு, படகு எல்லாம் சேர்த்த பேக்கேஜ் விடுதிகள் அதிகம். பெரிய குடும்பமாகப் போகிறவர்களுக்கு அது தலைவலி குறைந்த வழி. ஜுவாராவில் நீண்ட மணல் கரையும் அமைதியும் உண்டு, ஆமைகள் முட்டையிட வரும் கரையும் அங்கே இருக்கிறது. ஆனால் திறந்த கடல் பக்கம் என்பதால் அலையும் நீரோட்டமும் வலு. தெற்கே முக்குட்டில் நேனேக் செமுக்குட் என்ற இரட்டைக் கொம்புப் பாறைச் சிகரங்களும், பக்கத்தில் ஆசா அருவியும் இருக்கின்றன. அங்கே கடை கண்ணி மிகக் குறைவு.

முதல்முறை போகிறவர்களுக்கு எங்கள் தேர்வு ஆயர் பாத்தாங். நடந்தால் தெக்கேக், நீந்தினால் பாறை, இரண்டும் கைக்கெட்டும் தூரம். தனியாக நீந்தத் தெரியாதவர்கள் அதிகம் என்றால் பாயா.

எத்தனை நாள்? மூன்று நாள் இரண்டு இரவு என்பது விற்கிறவர்களுக்கு வசதியான கணக்கு. போகும் நாளும் வரும் நாளும் ஃபெரிக்கே போய்விடும், மிஞ்சுவது ஒரு நாள். மலையும் ஏற வேண்டும், கடலிலும் இறங்க வேண்டும் என்றால் நாலு நாள் மூன்று இரவு போடுங்கள்.

ஃபெரி நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள்

மெர்சிங் ஜெட்டி ஆற்றின் உள்ளே இருக்கிறது, ஆற்றின் வாய் ஆழம் குறைந்தது. கடல் நீர் வற்றிய நேரத்தில் ஃபெரி அந்த வாயைத் தாண்ட முடியாது. நீர் ஏறிய பிறகுதான் கிளம்பும். ஏற்றமும் வற்றமும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப்போவதால் ஃபெரி நேரமும் நாளுக்கு நாள் மாறும். போன மாதம் போய் வந்த பக்கத்து வீட்டுக்காரர் காலை ஏழரைக்குப் போனார் என்பதற்காக நீங்களும் ஏழரைக்கு வந்து நிற்காதீர்கள். நிறுவனத்திடம் உங்கள் தேதிக்கான அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். போகும் நேரத்தோடு திரும்பும் நேரத்தையும் கேளுங்கள். அதன் பிறகுதான் அறைக்கு முன்பணம். அறையை முதலில் பிடித்துவிட்டு, அன்றைக்கு மாலை ஐந்து மணிக்குத்தான் ஃபெரி என்று தெரிந்து கொள்பவர்கள் ஒவ்வொரு சீசனிலும் இருக்கிறார்கள்.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் சுமார் 90 கிலோமீட்டர். காஹாங், ஜெமாலுவாங் வழியாக ஒற்றைத் தடச் சாலை. முன்னால் செம்பனைக் குலை லாரி ஒன்று மாட்டிக்கொண்டால் முந்திப் போக இடம் கிடைக்காது. அதற்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் வையுங்கள். காஹாங்குக்கு அப்பால் காட்டை ஒட்டிய பகுதி, யானை கடக்கும் பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. விடியற்காலை இருட்டில் போக நேர்ந்தால் வேகத்தைக் குறைத்து, உயர விளக்கைப் போட்டு, எதிரே வண்டி வரும்போது மட்டும் தாழ்த்துங்கள். யானை நின்றால் ஹார்ன் அடிக்காமல், விளக்கை மினுக்காமல், தூரமாகவே நிறுத்திக் காத்திருங்கள்.

ஜெட்டிக்கு ஃபெரி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். காரைக் கட்டண நிறுத்துமிடத்தில் விட வேண்டும். நாள் கணக்கில் வாங்குவார்கள், எத்தனை நாள் என்று சொல்லிச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். டிக்கெட்டை மாற்ற மைகாட் கேட்பார்கள், பிள்ளைகளுக்கு மைகிட். தியோமானைச் சுற்றியுள்ள கடல் 1994இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கான பாதுகாப்புக் கட்டணத்தைத் தனி முகப்பில் கட்ட வேண்டியிருக்கும், சில்லறையாக வைத்திருங்கள்.

ஃபெரி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் எடுக்கும். வழக்கமாகக் கெந்திங், பாயா, தெக்கேக், ஆயர் பாத்தாங், சாலாங் என்று தெற்கிலிருந்து வடக்காக நின்று போகும். ஒவ்வொரு ஜெட்டியிலும் சில நிமிடம்தான் நிற்கும், பெயரைக் கத்திச் சொன்னாலும் இன்ஜின் சத்தத்தில் கேட்காது. உங்கள் ஜெட்டி எத்தனையாவது என்று எண்ணிக்கொண்டே இருங்கள். வயிற்றைப் பிரட்டும் என்று பயப்படுகிறவர்கள் டிமென்ஹைட்ரினேட் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். சிறு பிள்ளைகளுக்கு என்ன அளவு என்று மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் ஆகாது, நாசி லெமாக்கை வயிறு முட்டச் சாப்பிடுவதும் ஆகாது. இரண்டு துண்டு ரொட்டி, கொஞ்சம் இஞ்சி மிட்டாய் போதும். நடுவிலோ பின்பக்கமோ உட்காருங்கள், முன்பக்கம்தான் அதிகம் குதிக்கும்.

அந்த மாத்திரை தூக்கத்தை வரவழைக்கும். திரும்பி வரும்போது கார் ஓட்ட வேண்டியவர் அதைப் போட்டுக்கொண்டு மெர்சிங்கில் இறங்கி நேராக ஸ்டியரிங்கைப் பிடிப்பது ஆபத்து. யார் ஓட்டுவது என்பதை ஃபெரியில் ஏறும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

சாப்பாடு

தீவில் கிடைப்பது மலாய்ச் சாப்பாடு. கோழி, மீன், முட்டை, சோறு. தாகிங் என்றால் மாட்டிறைச்சி, ஆயாம் என்றால் கோழி என்பது நமக்குத் தெரிந்ததுதான். சைவக்காரர்களுக்குச் சிக்கல் காய்கறியில்தான் வரும். சாயோர் கோரேங் (வறுத்த காய்கறி) என்று கேட்டாலே பெலாச்சானோ (இறால் விழுது) சிப்பிச் சாறோ காய்ந்த இறாலோ சேர்ந்து வந்துவிடும். சாயோர் சஹாஜா என்று மட்டும் சொல்லாமல், பெலாச்சான் வேண்டாம், இக்கான் பிலிஸ் (நெத்திலி) வேண்டாம், சோஸ் திராம் (சிப்பிச் சாறு) வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பேக்கேஜ் எடுத்தால் பதிவு செய்யும் நாளிலேயே எத்தனை பேர் சைவம் என்று எழுதிக் கொடுங்கள். புரட்டாசியில் போகிறவர்கள் ஊறுகாய், பருப்புப் பொடி, மெகி, ஒரு சின்ன மின்கெண்டி கொண்டு போவது நல்லது. முதல் நாள் மதியத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் ஃபெரி தாமதமானாலும் பிள்ளைகள் அழ மாட்டார்கள். ஆனால் கையில் பிளாஸ்டிக் பையோடு தீவில் நடக்காதீர்கள். குரங்குகளுக்கு அந்தச் சரசரப்பு போதும். எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள், அறையின் சன்னலையும் சாத்துங்கள்.

பணம் ரொக்கமாக வையுங்கள். இயந்திரத்தை நம்பினால் அது தெக்கேக்கில் மட்டும்தான், அதிலும் நீண்ட விடுமுறையில் பணம் தீர்ந்துவிடலாம். படகு, ஃபோர்வீல், சாப்பாடு, வாடகைச் சாமான் எல்லாவற்றையும் கூட்டி, அதில் ஒரு நாள் செலவைக் கூடுதலாக எடுத்து வையுங்கள். கடல் கொந்தளித்து ஒரு இரவு மாட்டிக்கொண்டால் அதுதான் கைகொடுக்கும்.

தெக்கேக்–ஜுவாரா நடை

தியோமானில் ஒரு நடைதான் முடியும் என்றால் இது. காட்டுப் பாதையாக ஏறக்குறைய 7 கிலோமீட்டர், நடுவில் மலை முதுகு சுமார் 300 மீட்டர் உயரத்தில். தெக்கேக் பள்ளிவாசல் பக்கத்திலிருந்து கிளம்பும். முதலில் சிமெண்ட் பாதை, பிறகு கல்லும் வேருமாகச் செங்குத்தாக ஏறும். வழியில் ஓர் அருவி, பெரிய பெரிய பாறைகள், வானம் தெரியாத காடு. பாதையின் பிற்பகுதி சாலையோடு சேர்ந்துவிடும். அங்கிருந்து ஜுவாராவுக்கு இறக்கம். நின்று பார்த்துப் போனால் மூன்று மணி நேரம். திரும்ப நடக்க வேண்டாம், ஜுவாராவிலிருந்து ஃபோர்வீல் பிடித்து வந்துவிடலாம். காலை நடக்கத் தொடங்கும் முன்பே அதைப் பேசி வைப்பது முக்கியம். மாலை நாலு மணிக்கு ஜுவாராவில் நின்று கேட்டால் அவர்கள் சொன்னதுதான் விலை.

உடம்பு தாங்குமா என்று சோதித்துப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. குளுவாங்கின் குனோங் லம்பாக் 510 மீட்டர். பயணத்துக்கு முந்திய மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறு அதை ஏறி இறங்குங்கள். லம்பாக்கில் மூச்சு வாங்கினாலும் உச்சிக்குப் போய் முட்டி வலி இல்லாமல் இறங்குகிறவர் ஜுவாரா நடையைச் சிரமமில்லாமல் முடிப்பார். பாதியில் உட்கார்ந்துவிடுகிறவர் தெக்கேக்கிலிருந்து அருவி வரை மட்டும் போய்த் திரும்பட்டும், அதுவே நல்ல நடை.

செருப்புக்கு விலை உயர்ந்த பிராண்டு வேண்டாம். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் அடிடாஸ் கம்போங் என்ற கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடியில் குமிழ் குமிழாக இருப்பது, ஈரப் பாறையில் அதைப்போல நன்றாகப் பிடிக்கும் சப்பாத்து வேறு குறைவு. நம் பட்டணத்து இரும்புச் சாமான் கடையிலேயே கிடைக்கும். தடித்த காலுறை போட்டுத்தான் அளவு பாருங்கள், வெறுங்காலில் பொருந்துவது இறக்கத்தில் கட்டைவிரல் நகத்தைக் கறுக்க வைத்துவிடும். புதுசாக வாங்கியதை நேராகத் தீவுக்குக் கொண்டு போகாமல் லம்பாக்கில் போட்டுப் பழக்குங்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஒன்றில் எலுமிச்சம் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சீனியும் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் காட்டில் வியர்வை காயாது, அதனால் எவ்வளவு நீர் போகிறது என்றே தெரியாமல் தலை சுற்றும். காலை எட்டரைக்குள் கிளம்புங்கள், மதியம் இரண்டுக்கு மேல் கிளம்பவே கூடாது. மலை மறைப்பதால் காட்டுக்குள் இருட்டு கரையைவிட முன்னாலேயே இறங்கும். ஆளுக்கொரு டார்ச் லைட், பகல் நடைக்கும். மழை கொட்டினால் ஓடையைக் கடக்காமல் காத்திருங்கள். மலை ஓடை சட்டென்று ஏறிவிடும், நீர் இறங்கும்வரை பொறுமையாக இருங்கள்.

ஆயர் பாத்தாங்கிலிருந்து குரங்கு விரிகுடா வழியாகச் சாலாங் போகும் பாதை இதைவிடத் தெளிவு குறைந்தது. தனியாக வேண்டாம். குனோங் காஜாங் உச்சி முழுநாள் வேலை, வழிகாட்டி இல்லாமல் நினைக்கவும் கூடாது. நேனேக் செமுக்குட் கயிறு போட்டு ஏறப் பழகியவர்களுக்கு. நமக்குப் படகிலிருந்து பார்க்க அழகு. புலி, யானை இந்தத் தீவில் இல்லை. உடும்பு உண்டு, பெரிதாகவே இருக்கும், வழி விட்டால் அது பாட்டுக்குப் போகும்.

கடலில் இறங்கும் முன்

தோட்டப் பக்கத்தில் வளர்ந்த பலருக்கு நீச்சல் தெரியாது. அதற்காக ஸ்னோர்க்கலை, அதாவது முகமூடி போட்டுக் குழாயால் மூச்சுவிட்டபடி மிதந்து பார்ப்பதை, விட்டுவிட வேண்டியதில்லை. லைஃப் ஜாக்கெட்டின் இடுப்பு வாரையும் கவட்டை வாரையும் இறுக்கிக் கட்டினால் தலை தண்ணீருக்கு மேலேதான் இருக்கும். தளர்வாகப் போட்டால் ஜாக்கெட் காதுவரை ஏறி, ஆள் உள்ளே நழுவுவார், பயமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கண்ணாடி முகமூடியை வாடகைக்கு எடுக்கும்போது கடையிலேயே சோதியுங்கள். வாரைத் தலையில் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தும் விழாமல் ஒட்டி நின்றால் உங்களுக்கு அது பொருந்தும். மீசை வைத்தவர்களுக்கு மூக்கின் கீழ் நீர் கசியும், கொஞ்சம் வாசலின் தடவினால் குறையும். கண்ணாடியின் உட்புறத்தில் பேபி ஷாம்பு ஒரு துளி தேய்த்து, கடல் நீரில் ஒரு முறை அலசினால் பனி படியாது. முதல் பதினைந்து நிமிடம் இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை மட்டும் முக்கி வாயால் மூச்சுவிடப் பழகுங்கள். குழாயில் நீர் புகுந்தால் தலையைத் தூக்கி ஊ என்று ஒரே மூச்சாக ஊதினால் வெளியேறிவிடும். இதைக் கரையில் பழகாமல் படகிலிருந்து நேராகக் குதிக்கிறவர்கள்தான் பதறுவார்கள்.

படகுப் பயணத்தில் வழக்கமாகப் போகும் இடங்கள் துலாய் தீவும் ரெங்கிஸ் தீவும். ரெங்கிஸில் கறுப்பு முனைத் துடுப்புள்ள சின்னச் சுறாக்கள் தென்படும். அவை மனிதரைக் கண்டால் விலகிப் போகும். அதைவிடக் கவனிக்க வேண்டியது டைட்டன் டிரிகர் மீன். கூடு வைத்திருக்கும் காலத்தில் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு மாதிரி, ஆகவே மேலே எழாமல் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். பவளத்தில் காலை ஊன்றாதீர்கள், அது கல் அல்ல, உயிர். உங்கள் காலும் கிழியும். கிழிந்தால் சுத்தமான நீரில் நன்றாகக் கழுவி மருந்து போடுங்கள், சின்னக் கீறல்தானே என்று விட்டால் ஒரு வாரம் சீழ் பிடித்து நிற்கும். சொறிமுட்டை (ஜெல்லி மீன்) பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். காடிநீரை (வினிகரை) ஊற்றிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். ஒரு சின்னப் புட்டி காடிநீரைப் பையில் வைத்துக்கொள்வது பாரமில்லை.

வெயிலுக்குக் களிம்பைவிட நீண்ட கைச் சட்டை மேல். முதுகு முழுநாளும் மேல்நோக்கி இருக்கும் என்பதை மறந்து முகத்துக்கு மட்டும் பூசிக்கொண்டு, இரவில் மல்லாந்து படுக்க முடியாமல் தவிப்பார்கள்.

ஆழ்கடல் முக்குளிப்பும் மலையும் இரண்டும் ஆசை என்றால் மலையை முதல் நாள் வையுங்கள். முக்குளித்த கையோடு உயரம் ஏறுவதும் கடுமையாக உழைப்பதும், இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழாவதற்கு வழி செய்யும்.

மணல் ஈக்கள், தமிழில் இதற்கு வேறு பெயர் சொன்னாலும் தீவில் அகாஸ் என்றால்தான் புரியும், காலையிலும் மாலையிலும் கரையில் கடிக்கும். கடித்தபோது தெரியாது, மறுநாள்தான் அரிக்கும். கணுக்கால் முதல் முட்டி வரை தேங்காய் எண்ணெயைத் தடிப்பாகப் பூசுவது பலரும் கைக்கொள்ளும் வழி. மணலில் நேராகப் படுக்காமல் தடித்த பாயைப் போடுங்கள்.

திரும்பும் நாள்

திரும்பும் ஃபெரி வழக்கமாகச் சாலாங்கிலிருந்து தொடங்கித் தெற்காக ஆள் ஏற்றிக்கொண்டு வரும். அரை மணி நேரம் முன்பே ஜெட்டியில் இருங்கள், கடைசி நிமிடத்தில் ஓடி வருகிறவருக்காக அது நிற்காது. முந்தின நாள் மாலையே விடுதியில் நேரத்தை மறுபடி உறுதிப்படுத்துங்கள், காற்று மாறினால் முன்னாலும் கிளம்பும் பின்னாலும் போகும். வரியில்லாக் கடையில் சாக்லெட் வாங்குவதைக் கிளம்பும் காலைக்கு வையுங்கள். முதல் நாள் வாங்கினால் கரைந்து கட்டியாகிவிடும்.

மெர்சிங்கில் இறங்கியதும் மணி ஆறைத் தாண்டியிருந்தால், ஜெமாலுவாங்–காஹாங் சாலையில் இருட்டில் இறங்குவதைவிட மெர்சிங்கிலேயே ஒரு இரவு தங்கிவிட்டு விடிந்ததும் புறப்படுங்கள். அதற்கான அறைக் காசைத்தான் மேலே சொன்ன அந்த ஒரு நாள் கூடுதலில் எடுத்து வைத்திருக்கிறீர்கள்.